மார்த்தாண்டத்து பைண்டிங் கடையும் பாட்டாவின் வேதபுத்தகமும்

வீட்டில் பழைய வேதபுத்தகமோ பாட்டுப் புத்தகமோ தையல் விட்டு, அட்டை கழன்று கிடந்தால் மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் சந்துக்குள் இருக்கும் இந்த பைண்டிங் கடைக்குத் தயங்காமல் கொண்டு போகலாம். பெயர்ப்பலகை கிடையாது. பச்சைக் கதவு, வாசலை ஒட்டி ஒரு பழைய கட்டிங் மெஷின், உள்ளே கணக்கு நோட்டுகளும் கோர்ட் கட்டுகளும் கூரை வரை அடுக்கி இருக்கும். சந்தையில் கேட்டால் காட்டிவிடுவார்கள். இரண்டு குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

நான் கொண்டு போனது பாட்டாவின், அதாவது என் தாத்தாவின், தமிழ் வேதபுத்தகம். தலைப்புப் பக்கம் எப்போதோ போய்விட்டது, ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில்தான் இப்போது தொடங்குகிறது. முதுகுத் தோல் தொட்டால் பொடியாக உதிரும். சங்கீதம் இருக்கும் பாரங்கள் (சேர்த்து மடித்துத் தைத்த தாள் கட்டுகள்) மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும், அவ்வளவு புரட்டியிருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் இரண்டு வெற்றுத்தாள் உண்டு, எங்கள் குடும்பத்துப் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது, ஓரம் வரைக்கும், இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பியும்.

அந்த ஓரம்தான் எனக்குப் பயம். சில வருடத்துக்கு முன்பு பாட்டியின் பாட்டுப் புத்தகத்தை வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்தோம். பளபளவென்று புதிதுபோலத் தந்தார்கள், நாலு பக்கமும் மெஷினில் வெட்டி. எந்தப் பாட்டை யாருடைய அடக்கத்துக்குப் பாடினார்கள் என்று பாட்டி பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருந்தது முக்கால்வாசி குப்பைக்குப் போயிற்று. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இந்தக் கடைக்கார அண்ணாச்சி செய்த முதல் வேலை, புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். எழுதிய தாள் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மக்களே, இதை நான் வெட்டமாட்டேன். ஓரம் கோணலா இருந்தா இருக்கட்டும், எழுத்து போனா யார் தருவா?" என்றார். நான் கேட்காமலே சொன்னார். அங்கேயே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வரத் துணிந்தேன்.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வி. "இது ஒரே கைதானே, பிறகு ஏன் பாதி தமிழ், பாதி மலையாளம்?"

நான் இதுவரை கவனித்ததே இல்லை. பாட்டாவின் பிறப்பை அவருடைய அப்பா எழுதியிருக்கிறார், கொல்லம் ஆண்டு 1098 மேடம் (சித்திரை) என்று. 825 கூட்டினால் 1923. அதற்குக் கீழே பாட்டாவின் கை தொடங்குகிறது. மூத்த அத்தை, பெரியப்பா, இளைய அத்தை மூவரின் பிறப்பும் தமிழில். நாலாவது என் அப்பா, 1133 கன்னி (புரட்டாசி), கொல்லம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு 824தான் கூட்டவேண்டும், அதாவது 1957 செப்டம்பர் வாக்கில். அந்த வரி மலையாளத்தில் இருக்கிறது. அதே சாய்வு, அதே அழுத்தம், எழுத்து மட்டும் வேறு.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகாவில். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கப் போராடிய தெற்கெல்லைப் போராட்டக்காரர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை சேரவில்லை, அதோடு நாங்களும் கேரளத்தில் நின்றுவிட்டோம். அதற்கு அடுத்த வருடம் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் ஆபீசும் எந்த மொழியில் இருக்கும் என்று பாட்டா யோசித்திருக்க வேண்டும். எழுதும்போது அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

எனக்கும் படிப்பெல்லாம் மலையாளம்தான், சபையில் ஆராதனையும் மலையாளம். திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் என்னைப் பாண்டி (தமிழ்க்காரி) என்றார்கள், எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மலையாளத்துக்காரி. தமிழ் எழுத்து எனக்குத் தெரியும் என்றால் அது பாட்டி இந்தப் புத்தகத்தை மடியில் வைத்து விரல் வைத்துச் சொல்லித்தந்தது மட்டும்தான். இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சபையில் "யஹோவ", "இடையன்" என்று படிப்பேன், வீட்டில் "கர்த்தர்", "மேய்ப்பர்" என்று படிப்பேன். இரண்டும் ஒரே தேவன்தான், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும்போது வாயில் வருவது கர்த்தாவே என்றுதான்.

இதில் எனக்கு ரொம்ப நாள் ஒரு குழப்பம் இருந்தது. வேதம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அப்புறம் உனக்கு என்ன பாரம்பரியம் என்று கேட்டவர்கள் உண்டு, எனக்கும் பதில் தெரியாமல் இருந்தது. அண்ணாச்சி பசை காய்ச்சிக்கொண்டே பேசியதில்தான் அது தெளிந்தது. மிஷனெரி ரிங்கல்தௌபே நாகர்கோவில் பக்கத்து மைலாடிக்கு வந்தது 1806இல், ஆனால் அதற்கு முன்னாலேயே மைலாடிக்காரர் மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் போய் வேதத்தில் சேர்ந்து திரும்பி, சொந்தக்காரர்களிடம் பேசி, எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று இவரே கேட்டிருக்கிறார். கேட்டு வாங்கியது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது 1715இல், மிஷனெரி பெய்லியின் மலையாளப் புதிய ஏற்பாடு வந்தது 1829இல். அப்படியானால் தென் திருவிதாங்கூரில் முதலில் வேதத்தில் சேர்ந்தவர்கள் கையில் எடுத்த அச்சுப் புத்தகம் தமிழாகத்தானே இருந்திருக்கும். நாகர்கோவிலில் மிஷனெரி மீட் ஐயர் அச்சகம் போட்டது 1820 வாக்கில், அங்கே தொடங்கியதுதான் இந்தப் பக்கத்து பைண்டிங் தொழிலும் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்கிறார்.

சரி, வேலைக்கு வருகிறேன். பாரம் பாரமாகப் பிரித்து, பழைய பசையை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுச் சுரண்டி, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய டிஷ்யூ ஒட்டி, கயிறு வைத்துக் கையாலேயே தைத்திருக்கிறார். மைதா பசையில் மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி அரிக்காது. எழுதிய இரண்டு தாளும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு புள்ளிகூட மறையவில்லை. அதற்குப் பின்னால் கேட்காமலே நாலு வெற்றுத்தாள் சேர்த்துத் தைத்துத் தந்தார், இனி எழுதுவதற்கு. அதில் முதல் வரியாக என் மகளின் பெயரையும் பிறந்த நாளையும் தமிழில் எழுதினேன், கீழே மலையாளத்திலும் எழுதினேன். அவள் இரண்டையும் படிக்கட்டும்.

குறைகளைச் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் என்றார், நாற்பது நாள் ஆனது, அதுவும் மூன்று தடவை நடந்தபிறகு. பள்ளி திறக்கும் சமயத்தில் நோட்டு வேலை குவிந்துவிடும்போல, ஜூனில் போகவேண்டாம். முதுகுக்குக் காலிகோ என்ற பருத்தித் துணிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தேன், தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் போட்டுவிட்டார். மினுமினுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படுத்தின விசேஷம் பக்கம் போகப்போக புத்தகம் தட்டையாக விரியவும் மாட்டேன் என்கிறது. சொன்னேன், தப்பு என் பேரில்தான் மக்களே, கொண்டுவா மாற்றித் தருகிறேன் என்றார். மறுபடி பிரிக்க எனக்கு மனசில்லை.

ஆனது 1,600 ரூபாய். முன்பணம் 500 கேட்டார். ரசீது கேட்டால்தான் தருவார்.

போகிறவர்கள் எழுதிய பக்கங்களை முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவரே அதைத்தான் சொல்வார். துணியா ரெக்சினா என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவார், அதனால் காலையிலேயே போவது நல்லது.