இறுக்கினாலும் இறங்கும் ட்ரைபொட்

உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவன் புதிதாகக் கமரா வாங்கியிருக்கிறான். "அண்ணா, நீங்கள் வச்சிருக்கிற அந்த ட்ரைபொட் எப்பிடி? இப்ப விலை குறைச்சிருக்கிறாங்கள், எடுக்கலாமா?" என்று கேட்டான். நிறையப் பேர் கேட்கும் கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். கைபிடி வைத்த ஹெட்டோடு (கமராவைப் பூட்டும் தலைப்பகுதி) வரும் மலிவு அலுமினிய ட்ரைபொட்தான் அது. பல பெயர்களை ஒட்டி விற்கிறார்கள், சாமான் ஏறக்குறைய ஒன்றுதான்.

கால்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பாரம் இல்லை, மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு நிலாவெளி வரை போகலாம். கடல் மணலில் எத்தனை தரம் புதைந்திருக்கும், ஒரு கால்கூட வளையவில்லை. வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுதாக இழுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைக்க வேண்டும். அப்படிக் கழுவியும் காலின் நீளத்தைப் பூட்டும் ஒரு கிளிப்பின் திருகு உப்புக்காற்றில் துருவேறி முறிந்தது. ஹார்ட்வேர் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது புதிதில் இருந்ததைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நடுத்தண்டை உயர்த்தாமல், கீழே கமராப் பையைத் தொங்கவிட்டால் அசையாமல் நிற்கும். இந்த விலைக்கு இவ்வளவு நல்ல கால்கள் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஹெட்! நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. போயா தினத்தில் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி முழுநிலா கடலுக்குள் இருந்து எழும்பும். இதைப் படம் பிடிக்காமல் திருகோணமலையில் கமரா வைத்திருந்து என்ன பயன்? டச் பே மணலில் ட்ரைபொட்டை ஊன்றி, தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 மில்லிமீட்டர் ஸூம் லென்ஸைப் போட்டு, நிலாவையும் ஒரு மீன்பிடி வள்ளத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து, கைபிடியைத் திருகி இறுக்குவேன். கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு மெல்லக் கீழே இறங்கும். கொஞ்சம்தான். ஆனால் 250 மில்லிமீட்டரில் நிலா படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்தக் கொஞ்ச இறக்கத்திலேயே வள்ளத்தின் அடி வெட்டுப்பட்டுவிடும். திரும்பத் தூக்கு, திரும்ப இறுக்கு. நிலா தன் அகலத்தளவு நகர்வதற்கு இரண்டு நிமிடம் போதும், அது நமக்காகக் காத்து நிற்காது.

காரணம் லேசானது. நீண்ட லென்ஸின் பாரம் முன்னுக்கு இழுக்கிறது. அதைப் பிடித்து வைக்க உள்ளே இருப்பது சின்னப் பிளாஸ்டிக் கழுத்து ஒன்று. எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தேவையான இடத்துக்குச் சற்று மேலே குறிவைத்து, அது தானாக இறங்கி வந்து நிற்கும்வரை பொறுத்து, இரண்டு வினாடி டைமரில் எடுத்தால் படம் கிடைக்கும். என்னிடம் உள்ள நல்ல நிலாப் படங்கள் எல்லாம் அப்படித்தான் கிடைத்தன. அதற்காக இதைச் சரி என்று விட முடியாது. இறுக்கினால் நிற்பதுதான் ட்ரைபொட்டின் ஒரே வேலை. ஹெட்டைக் கழற்றி வேறு போடலாம் என்றால், இந்த மொடலில் அது நடுத்தண்டோடு சேர்ந்தே வருகிறது.

ஆகவே தம்பி, வாங்காதே. இன்னும் கொஞ்சக் காசு சேர்த்து, ஹெட்டைக் கழற்றி மாற்றக்கூடிய ஒன்றைப் பார். கடையில் உன் கமராவையே பூட்டி, லென்ஸை முழுதாக ஸூம் பண்ணி, இறுக்கிவிட்டுக் கையை எடு. திரையில் தெரிவது ஒரு நூல் இறங்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. இப்போதைக்கு 18-55 என்ற சின்ன லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்பாய். அப்போதும் வேண்டாம், அடுத்த போயாவுக்குள் நீயும் பெரிய லென்ஸ் ஒன்று தேடத் தொடங்கிவிடுவாய்.