‘ரகசிய நோய்’ கிளினிக்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மும்பை லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டிக்கர்கள் தெரியும். கதவுப் பக்கம் ‘குப்த் ரோக் (ரகசிய நோய்), கேரண்டி சிகிச்சை’ என்று ஒரு போன் நம்பரோடு ஒட்டியிருக்கும். தாதரில் அப்படி ஒரு இடத்தில் 14,500 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதை விட, அவர்கள் பார்க்காமல் விட்ட ஒரு விஷயம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. அதனால் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு வெளிப்படையாக எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது ஆணுறுப்பின் முன்தோலில் அரிப்பு. தோல் சிவந்து, ஓரத்தில் பிளேடால் கீறியது போலச் சின்ன வெடிப்புகள், உள்ளே வெள்ளைப் படிவு, தோலைப் பின்னால் தள்ளினால் எரிச்சல்.

கிளினிக் வாசலில் இருந்தவர் தமிழ் பேசினார். வீடு தாராவி, ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றதும், “அண்ணாச்சி, நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க, கூச்சப்படாம வாங்க” என்று உள்ளே கூட்டிப்போனார். இந்தத் தமிழுக்காகவே அவரை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே ‘டாக்டர்’ என்று உட்கார்ந்திருந்தவர் உறுப்பைப் பார்க்கவே இல்லை. வயது, கல்யாணம், சின்ன வயசுப் பழக்கம் என்று மட்டும் கேட்டார். வெள்ளையாக இருப்பது தாது கசிவு, நரம்புத் தளர்ச்சி, இப்படியே விட்டால் குடும்ப வாழ்க்கையே போய்விடும் என்று பயமுறுத்தினார். காகிதப் பொட்டலங்களில் பொடி, லேபிள் இல்லாத டப்பாவில் ஆயின்ட்மென்ட். பில் கிடையாது. ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு யுபிஐயில் பணம் போனது. கிளம்பும்போது, “வீட்ல அண்ணிகிட்ட சொல்லிக்க வேணாம் அண்ணாச்சி” என்றும் சொன்னார் அந்த வாசல்காரர்.

ஆயின்ட்மென்ட் போட்டதும் அரிப்பு சட்டென்று அடங்கியது. அப்புறம் முன்பை விட மோசமாகத் திரும்பி, தொடையிடுக்கு வரை படர்ந்தது.

கடைசியில் சயான் ஆஸ்பத்திரித் தோல் ஓபிடிக்குப் போனேன். வரிசை நீளம்தான், ஆனால் கேஸ் பேப்பர் என்கிற ஓபி சீட்டுக்கு ஆகும் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டரம்மா கையுறை போட்டுப் பார்த்தார். தாகம் எடுக்கிறதா, ராத்திரி எழுந்து சிறுநீர் போகிறீர்களா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். அன்றே ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை 280-க்கு மேல்.

அந்தக் கிளினிக்கில் யாருமே பார்க்காமல் விட்டது இதைத்தான். சர்க்கரை கூடும்போது சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். முன்தோலுக்கு அடியில் ஈரமும் சேர, கேண்டிடா என்ற பூஞ்சைக் காளான் அங்கே வளரும். பல ஆண்களுக்குச் சர்க்கரை நோய் முதலில் தெரியவருவதே இந்த அரிப்பால்தானாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் மறைக்கச் சொன்னது எவ்வளவு பெரிய அநியாயம், பாருங்கள்.

லேபிள் இல்லாத டப்பாவைப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், காளானைக் கொல்லாது. நாள்பட்டால் அந்த இடத்துத் தோலையே மெலியவைக்கும். படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கும் பல கலவைக் க்ரீம்களிலும் இதே பிரச்சினை உண்டு. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதி கொண்டுவந்தது.

அந்த வெள்ளைப் படிவு தாதுவே இல்லை. உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தாலே அப்படிப் படியும், அது யாருக்கும் வரும். காளானாலும் வெள்ளை படியலாம். தினமும் குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவர வேண்டும். டெட்டாலும் வாசனைச் சோப்பும் எரிச்சலைத்தான் கூட்டும். சின்னப் பையன்களுக்கு மட்டும் தோலை இழுத்துக் கழுவவே கூடாது. அது தானாகப் பிரிய வருஷக்கணக்காகும். இழுத்தால் கிழிந்து தழும்பாகும்.

வலிக்காத புண் தானாக ஆறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் அப்படித்தான் ஆறும், நோய் உள்ளே இருக்கும். ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு, சீழ், பெரியவர்களுக்குப் புதிதாக முன்தோல் இறுகுவது, எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பின்னால் தள்ளிய தோல் திரும்பி வராமல் வீங்கினாலும், விதையில் திடீரென்று கடும் வலி வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

பால்வினை நோய்ச் சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிகளில் ‘சுரக்ஷா கிளினிக்’ இருக்கிறது, இலவசம். 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கும் போன் செய்து கேட்கலாம். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது, ஆனாலும் ஸ்டிக்கர் ரயிலில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பதிவு பெற்ற டாக்டர் என்றால் அவர் தரும் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். எனக்குச் சீட்டே தரவில்லை.

டப்பாவையும் மிச்சப் பொட்டலங்களையும் நான் எறியவில்லை. மாநில உணவு மருந்து நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி இடத்தில் பணம் கட்டியவர்கள் யுபிஐ விவரம், போன் நம்பர், ஸ்டிக்கர் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் எழுதத் துணை வேண்டும் என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பெயர் வெளியே போகாது.