ஜெர்மனியில் முதுமுனைவர் ஆய்வு: திட்டப் பணியா, ஃபெல்லோஷிப்பா?

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் துறைகளில் முதுமுனைவர் ஆய்வு, அதாவது போஸ்ட்டாக், செய்ய விரும்புவோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்: பேராசிரியர் தம் திட்டநிதியிலிருந்து அறிவிக்கும் பணியிடம், ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஃபெல்லோஷிப், ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி ஃபெல்லோஷிப். இவற்றில் எது உயர்ந்தது என்பதைவிட எதை முதலில் முயல்வது என்பதே முக்கியமான கேள்வி. ஏனெனில் ஒன்றை ஏற்றுக்கொள்வது இன்னொன்றுக்கான தகுதியைப் பறித்துவிடக்கூடும்.

திட்டப் பணியிடங்கள் யூராக்ஸஸ் போன்ற தளங்களிலும் ஆய்வுக்குழுக்களின் சொந்தப் பக்கங்களிலும் ஆண்டு முழுவதும் அறிவிக்கப்படுகின்றன. "டிவி-எல் ஈ 13, 100 சதவீதம், 24 மாதங்கள்" என்ற வரியை அறிவிப்பில் முதலில் தேட வேண்டும். மாநிலப் பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவில் முழுநேர வேலை, இரண்டாண்டுக்கு மட்டும் என்பது அதன் பொருள். சதவீதம் குறைந்தால் சம்பளமும் அந்த அளவுக்குக் குறையும். இது முறையான வேலை என்பதால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு ஆகியவற்றுக்கான பங்களிப்பு சம்பளத்தோடு இணைந்தே வருகிறது. ஆனால் ஆய்வுக் கேள்வி உங்களுடையதன்று. நிதி கோரிய விண்ணப்பத்திலேயே பேராசிரியர் அதை எழுதி முடித்திருப்பார். புதிய ஆய்வு நுட்பத்தைக் கற்க விரும்புவோருக்கு இது குறையே அல்ல என்பது என் கருத்து.

ஹம்போல்ட் இதற்கு நேர்மாறானது. முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் இருப்பவர், தாமே வகுத்த ஆய்வுத் திட்டத்தோடும் ஜெர்மனியில் ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதலோடும் விண்ணப்பித்து, 6 முதல் 24 மாதங்கள் வரை உதவித்தொகை பெறலாம். துறைக்கோ நாட்டுக்கோ ஒதுக்கீடு கிடையாது. கைக்கு வருவது சம்பளமன்று, உதவித்தொகை. ஆகவே அது ஓய்வூதியக் கணக்கில் சேராது, காலம் முடிந்தபின் வேலையிழப்புத் தொகையும் கிடைக்காது. குடும்பத்தோடு செல்பவர்கள் இதைக் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மரி கியூரியில் ஆய்வுக் கேள்வியும் உங்களுடையது, பணி ஒப்பந்தமும் உண்டு. அதனால்தான் இத்தனை கூட்டம்: 2024இல் 10,360 ஆக இருந்த விண்ணப்பங்கள் 2025இல் 17,058 ஆக உயர்ந்தன. செப்டம்பரில் விண்ணப்பித்தால் அடுத்த பிப்ரவரியில்தான் முடிவு தெரியும் என்பதால், பட்டம் முடித்த கையோடு வேலை தேவைப்படுவோர் இதை மட்டுமே நம்பியிருக்க இயலாது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. மரி கியூரிக்கு விண்ணப்பிப்பவர், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் தாம் செல்லவிருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. திட்டப் பணியில் சேர்ந்து ஜெர்மனியில் ஓராண்டைக் கடந்தவர், அங்கிருந்தபடியே டென்மார்க்குக்கோ நெதர்லாந்துக்கோ விண்ணப்பிக்கலாமே தவிர, ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க முடியாது. எனவே பட்டம் முடியும் ஆண்டின் தொடக்கத்திலேயே பேராசிரியருக்கு எழுதி, அவரிடம் திட்டநிதி இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், செப்டம்பர் மரி கியூரி விண்ணப்பத்தில் உங்களை ஏற்கும் பேராசிரியராக இருக்க இசைவாரா என்பதையும் அதே மடலில் கேட்டுவிடுவது நல்லது.