சிதைந்த இடுப்புக் கிண்ணத்துக்கு எது பொருந்தும்: கூண்டா, டான்டலமா, அச்சிட்ட டைட்டானியமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்பின் தலை சுழல்வதற்காகப் பொருத்திய செயற்கைக் கிண்ணம் பல ஆண்டுகள் உழைத்துத் தளரும்போது, அதைத் தாங்கி நின்ற எலும்பிலும் ஒரு பகுதி போயிருக்கும். பாலிஎத்திலீன் உட்பகுதி தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடலின் தற்காப்பு அணுக்கள் விழுங்க, அதனால் மூளும் அழற்சி சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. மறு அறுவை செய்யும் மருத்துவர், புதிய கிண்ணத்தை எதன்மேல் ஊன்றுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். தான எலும்பை நிரப்பி அதன்மேல் அமர்த்தும் உலோகக் கூண்டு, எலும்பு போன இடத்தை அடைக்க டான்டலம் என்ற உலோகத்தாலான முட்டுகளோடு கூடிய ஆயத்தக் கிண்ணம், நோயாளியின் ஸ்கேனை வைத்து முப்பரிமாண அச்சில் உருவாக்கும் டைட்டானியத் துண்டு ஆகிய மூன்றும் இன்று அவர்முன் இருக்கின்றன.

எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாமல் இவற்றை ஒப்பிட முடியாது. அமெரிக்க மருத்துவர் வெய்ன் பப்ராஸ்கியும் அவருடன் பணியாற்றியோரும் 1994-இல் வெளியிட்ட வகைப்பாட்டையே இன்றும் மருத்துவர்கள் பெரிதும் கையாளுகிறார்கள். அதன் மூன்றாம் வகையில், 'ஏ' பிரிவு என்றால் கிண்ணம் மேலும் வெளியுமாக 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும். 'பி' பிரிவு என்றால் மேலும் உள்ளுமாகப் புதைந்திருக்கும். சிலருக்கு இடுப்பெலும்பின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே பிரிந்தே போயிருக்கும். இந்த வகைப்பாட்டின் முதலிரண்டு வகை இழப்புகளுக்குப் பெரும்பாலும் சற்றுப் பெரிய சாதாரணக் கிண்ணமும் சில திருகுகளும் போதும் என்பதால், அங்கே இந்த விவாதத்துக்கு இடமே இல்லை.

கூண்டு மூன்றிலும் பழையது. 1970களில் சுவிட்சர்லாந்தில் உருவானது. விலை குறைவு, பல மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் வழக்கமான கூண்டின் பரப்பில் எலும்பு ஊடுருவி வளர்வதில்லை. உயிருள்ள பிடிப்பு இல்லாத உலோகம், நடையின் ஒவ்வோர் அடியிலும் சிறிதளவு அசைந்து, சில ஆண்டுகளில் திருகு தளர்வதிலோ விளிம்பு முறிவதிலோ போய் முடியலாம். வயது முதிர்ந்து, குறைவாகவே நடமாடுவோருக்கு இன்றும் இது தகும். ஐம்பதுகளில் இருப்பவருக்கு இதை நான் முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன்.

டான்டலம் இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்கிறது. கார்பன் சட்டத்தின்மேல் டான்டலத்தை ஆவியாகப் படியவைத்துச் செய்யும் இந்தப் பொருளில் ஏறத்தாழ 80 விழுக்காடு வெற்றிடம்தான்; எலும்பு அதற்குள் வேர்விடுகிறது. திடமான டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், எலும்பின் கெட்டியான வெளியடுக்கான புறணி எலும்பினுடையது சுமார் 15 முதல் 20 வரை. நுண்துளை டான்டலமோ 3 கிகாபாஸ்கல் அளவில் நிற்பதால், பாரத்தை எலும்போடு பகிர்ந்துகொள்கிறது. இதைவிடப் பெரிய பலம் அறுவை மேசையில் தெரியும். பழைய கிண்ணத்தை எடுத்தபின் குழி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால், மருத்துவர் அடுத்த அளவிலான முட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, திருப்பிப் பார்த்து, இன்னொரு கோணத்தில் பொருத்திக்கொள்ளலாம். முட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே எலும்புச் சிமென்ட் இட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம்.

அச்சிட்ட துண்டில் அந்த நெகிழ்வு கிடையாது. துல்லியமே அதன் பலம். வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையோ, மந்த வாயுவில் லேசரோ டைட்டானியத் தூளை அடுக்கடுக்காக உருக்கி, இடுப்பெலும்பின் மூன்று பகுதிகளிலும் சரியாகப் படியும் மூன்று இறக்கைகள் கொண்ட துண்டை உருவாக்குகிறது. எலும்பைத் தொடும் பக்கம் நுண்துளைகளோடும் மறுபக்கம் திடமாகவும் ஒரே உடலாக வருவதால், தனிப் பூச்சு உரிந்துபோகும் பேச்சே இல்லை. நல்ல எலும்பு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு திருகின் திசையையும் நீளத்தையும் முன்கூட்டியே வகுத்துவிடலாம். மேல், கீழ்ப் பாதிகள் பிரிந்துபோன இடுப்பெலும்புக்கு இது பெரும் வரம் என்றே கருதுகிறேன்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பணத்தோடு முடிவதில்லை. ஸ்கேன், வடிவமைப்பு, மருத்துவரின் ஒப்புதல், அச்சு, துளைகளுக்குள் சிக்கிய தூளை அகற்றுதல், கிருமிநீக்கம் என வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எலும்பு மேலும் கரையலாம். பழைய கிண்ணத்தைப் பெயர்க்கும்போது எதிர்பாராமல் எலும்பு உடைந்தால், துல்லியமாகச் செய்த துண்டு பொருந்தாமல் போகும். மேல் இறக்கையைப் படியவைக்கத் தசைகளை அகலமாக விலக்க வேண்டியிருப்பதால், பிட்டத் தசைகளுக்குச் செல்லும் நரம்புக்கும் ஆபத்து உண்டு. மூட்டு நழுவுதலும் தொற்றும் இவ்வகை அறுவையை விடாமல் தொடரும் சிக்கல்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்கவேண்டும். 'அச்சிட்ட கிண்ணம்' என்று கேட்டதும் அது தமக்கென்றே செய்தது எனப் பலர் எண்ணிவிடுகிறார்கள். இத்தாலியின் லிமா நிறுவனம் ஸ்வீடனின் ஆர்காம் இயந்திரங்களைக் கொண்டு 2007-இலேயே அச்சிட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அது பல அளவுகளில் முன்கூட்டியே செய்துவைக்கும் ஆயத்தப் பொருள். முதல்முறை மாற்று அறுவையில் பழைய பூச்சுக் கிண்ணங்களே நன்றாக ஊன்றி நிற்பதால், அச்சு என்ற ஒரே காரணத்துக்காக அதிகம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அச்சின் மிக மலிவான பயனோ மூன்று வழிகளுக்கும் பொதுவானது: நோயாளியின் இடுப்பெலும்பை அதே அளவில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கையில் எடுப்பது. திரையில் புரியாத குழியின் ஆழத்தை அதில் விரலால் தடவிப் பார்க்கலாம். மாதிரிக் கிண்ணத்தை வைத்து எங்கே இடைவெளி விழுகிறது எனப் பென்சிலால் கோடிடலாம். எச்சரிக்கையும் தேவை. பழைய உலோகம் சி.டி. படத்தில் கீற்றுகளைச் சிதறவிடும். படத்தில் எதை எலும்பாகக் கொள்வது என்ற வரம்பை மென்பொருளில் தவறாக வைத்தால் மெல்லிய உட்சுவர் மாதிரியிலிருந்து காணாமல் போகும், அல்லது இல்லாத எலும்பு இருப்பதுபோல் அச்சாகும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்குவதால், 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்து அறுவை அரங்கில் தொட வேண்டுமானால் நைலான் போன்ற பொருளில் அச்சிட வேண்டும்.

ஆகவே 'ஏ' பிரிவுக்கு டான்டலம் முட்டு, பிரிந்துபோன இடுப்பெலும்புக்கு அச்சிட்ட துண்டு என்பதே என் வரிசை. 'பி' பிரிவு இரண்டுக்கும் நடுவே, மருத்துவரின் பழக்கத்தைப் பொறுத்தது. தொற்று காரணமாக இரண்டு கட்டமாக அறுவை செய்யவேண்டியவருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. முதல் கட்டத்தில் பழைய கிண்ணம் அகற்றப்பட்டுவிடுவதால், அதன்பின் எடுக்கும் ஸ்கேனில் உலோகக் கீற்றுகள் குறைந்து, எஞ்சிய எலும்பின் உண்மை நிலை தெரிகிறது. தொற்று அடங்கக் காத்திருக்கும் வாரங்களிலேயே துண்டும் தயாராகிவிடுகிறது. அச்சிட்ட துண்டின் இரு பெரிய குறைகளான தாமதமும் பொருந்தாமையும் அங்கே பெருமளவு விலகுவதால், அத்தகையோருக்கு 'பி' பிரிவிலும் அதையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன்.