கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு குழந்தைகள் மருத்துவமனை: சிகிச்சையில் சிறப்பு, வீட்டுக்கு அனுப்பும்போது அவசரம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தால் கோயம்புத்தூர் வரை போகாமல் முதலில் நாடும் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

என் தங்கை மகனுக்கு நான்கு வயது, ஆஸ்துமா உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று புழுதியோடு வீசத் தொடங்கிய நாட்களில் அவனை அங்கே சேர்த்தோம். சீட்டுப் போடும் வரை காத்திருக்க வைக்காமல், செவிலியர் ஒருவர் முழு நிமிடம் அவன் மூச்சை எண்ணி, விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, மருந்தை ஆவிபோல் மூச்சில் செலுத்தும் நெபுலைசரை உடனே வைத்தார். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு என்பதைத் தங்கைக்கு விளக்கியவரும் அவரே. வார்டு சுத்தம்; இரவிலும் மருத்துவர் வந்து பார்த்தார்.

வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் சரியில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கத்தை மலையாளத்தில் வேகமாகச் சொல்லி முடித்தார்கள். தமிழ்வழியில் படித்த தங்கைக்கு, திணறும்போது மட்டும் கொடுக்கும் சால்பூட்டமால் எது, குழந்தை நன்றாக இருக்கும்போதும் நாள்தோறும் கொடுக்க வேண்டிய புடசோனைடு எது என்ற வேறுபாடு விளங்கவேயில்லை. இருமல் நின்றதும் இரண்டையும் நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் முடிவதற்குள் அதே வார்டில் மறுபடியும் படுக்கை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நீண்டகால நோயுள்ள குழந்தைகளும் திரும்பச் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விறகடுப்புப் புகை, வீட்டுக்குள் பீடி, சத்துக்குறைவு, தூரம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் பலவற்றை மருத்துவமனையால் மாற்ற முடியாது. ஆனால் தாய்க்குப் புரியும் மொழியில் கால்மணி நேரம் பேசுவது முழுக்க அதன் கையில் இருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாம் முறை அனுப்பும்போது வேறொரு செவிலியர், தத்தமங்கலத்துக்காரர், "நீங்களே செஞ்சு காட்டுங்கம்மா" என்று தங்கையிடமே இன்ஹேலரையும், அதோடு பொருத்தும் முகமூடியுள்ள குழாயான ஸ்பேசரையும் கொடுத்தார். குலுக்குவது, முகமூடி இடைவெளியின்றிப் பதிய வைப்பது, ஓர் அழுத்தத்துக்குப் பின் குழந்தை ஐந்தாறு முறை மூச்சிழுக்கும் வரை எடுக்காமல் இருப்பது, புடசோனைடு கொடுத்தபின் வாய் கொப்பளிக்க வைப்பது என ஒவ்வொன்றையும் அவள் பிழையின்றிச் செய்யும் வரை அருகிலேயே நின்றார். விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நேரம் பார்க்காமல் வரவேண்டும் என்பதைத் தமிழில் எழுதியும் கொடுத்தார். அவருடைய அக்கறையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அன்று பணியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் குழந்தையின் நலம் அமையக் கூடாது.

செலவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கேரளத்தின் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தந்தாலும், அது அடிப்படையில் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. மாதக்கணக்கில் தேவைப்படும் இன்ஹேலரைக் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு இல்லாத மாதத்தில்தான் மருந்து நின்று, குழந்தை மீண்டும் வார்டுக்கு வருகிறது.

அவசரத்துக்கு இங்கே தயங்காமல் போகலாம். கிளம்பும் நாளில், மருந்தை ஒருமுறை உங்கள் கையால் கொடுத்துக் காட்டி, எதை எத்தனை நாள் தொடர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வாங்கிய பிறகே பில் கவுண்டருக்குப் போங்கள். நிர்வாகத்திடம் என் வேண்டுகோள், டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தருவதும், மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதும்.