பங்கு விலைகளை எதில் வைப்பது? சிஎஸ்வியா, சந்தா மென்பொருளா, எஸ்கியூலைட்டா?

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு என் கணினி என்னைப் பணக்காரனாக்கியது. விழுந்த பங்கை வாங்கி, எழுந்ததும் விற்கும் எளிய விதி ஒன்றை ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையின் பழைய விலைகளில் பேக்டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன், அதாவது அப்போதே அந்த விதிப்படி வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கையிருப்புப் பணத்தில் பத்தில் ஒரு பகுதியைத்தான் போடச் சொல்லியிருந்தேன். அப்படியும் 1 லட்சம் ராண்ட் ஒரே நாளில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சம்பாதித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தது.

காரணம் சில்லறை விஷயம். இந்தச் சந்தையில் விலை ராண்டில் அல்ல, சென்ட்டில் சொல்லப்படும். 18450 என்று இருந்தால் 184 ராண்ட் 50 சென்ட். நான் இலவசமாக இறக்கிய கோப்பில் ஒரே ஒரு நாள் மட்டும் 184.50 என்று வந்திருந்தது. என் நிரல் அதை 99 சதவீத வீழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு வாங்கி, மறுநாள் நூறு மடங்குக்கு விற்றுவிட்டது. அந்த வாரமே தரவை வேறு இடத்துக்கு மாற்ற முடிவு செய்தேன். இப்போது மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்: பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி மூன்று வருடம், விலைகளைத் தானே கொண்டுவரும் சந்தா மென்பொருள் எட்டு மாதம், ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட் ஏறக்குறைய ஒரு வருடம்.

வேகத்தையும் இடத்தையும் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். 300 பங்குகள், பத்து வருடம், வருடத்துக்குச் சுமார் 250 நாள் என்றால் ஏழரை லட்சம் வரிகள். பழைய லேப்டாப்புக்கும் அது ஒரு பொருட்டில்லை, மூன்றுமே தாங்கும்.

சிஎஸ்வியின் நல்ல குணம், திறந்தால் கண்ணுக்குத் தெரியும். கெட்ட குணமும் அதுதான், திறக்கத் தோன்றும். தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸ், தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுகிறது. அதில் ஓடும் எக்செலில் ஒரு தடவை திறந்து சேமித்தால் எது பத்தியைப் பிரிக்கும் குறி, எது தசமக் குறி என்று குழம்பிப்போகலாம். அப்புறம் லோட் ஷெட்டிங். 2023இல் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், கடைசி வரியில் 18450 என்பது 184 என்று நின்றது. 184உம் ஓர் எண்தானே, நிரல் முணுமுணுக்கக்கூட இல்லை. எஸ்கியூலைட்டில் ஒரு நாளின் விலைகளை ஒரே பரிவர்த்தனையாக, அதாவது எழுதினால் முழுதாக, இல்லையேல் எதுவுமே வேண்டாம் என்ற முறையில் எழுதினால், பாதியில் மின்சாரம் போனாலும் மறுமுறை திறக்கும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒரே பங்கு, ஒரே தேதி இரண்டு தடவை நுழையாமல் அட்டவணையே தடுக்கும். விலையை முழு எண்ணாக, சென்ட்டில் மட்டும் வாங்கு என்று நிபந்தனை போட்டுவிட்டேன். 184.50 இனி வாசலிலேயே நிற்கும்.

ஆனால் நான் எஸ்கியூலைட்டுக்கு மாறியதற்கு உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் டிவிடெண்ட்தான்.

இலவசக் கோப்புகளில் வருவது பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்த விலை. ஒரு பங்கு 20,000 சென்ட்டில் முடிகிறது, மறுநாளிலிருந்து 500 சென்ட் டிவிடெண்ட் உரிமை இல்லை என்று வையுங்கள். அன்று விலை அந்த அளவுக்கு இறங்குவது நஷ்டமாகத் தெரியாமலிருக்க, தரவு கொடுப்பவர் அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் 0.975ஆல் பெருக்கிவிடுவார். அதாவது ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் கடந்த காலம் முழுவதும் மாறுகிறது. நானோ தினமும் புதிய வரியை மட்டும் பழைய கோப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். விளைவு, நஷ்டமே இல்லாத 2.5 சதவீதச் சரிவு ஒன்று கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது. விழுந்ததை வாங்கும் என் விதிக்கு இந்தப் பொய்ச் சரிவுகள் கல்யாண விருந்து.

இதை ஒரு வேடிக்கையால் கண்டுபிடித்தேன். என் விதி வாங்கிய நாட்களில் புதன்கிழமை அளவுக்கு மீறி இருந்தது. 2016 ஜூலையில் இந்தச் சந்தை மூன்று நாள் செட்டில்மென்ட்டுக்கு, அதாவது வர்த்தகம் நடந்து மூன்று வேலை நாளில் பணமும் பங்கும் கைமாறும் முறைக்கு மாறிய பிறகு, டிவிடெண்ட் உரிமையோடு வாங்கக் கடைசி நாள் வழக்கமாகச் செவ்வாய், உரிமை இல்லாமல் வர்த்தகம் தொடங்குவது புதன். அதற்கு முன்பு அது வெள்ளியும் திங்களுமாக இருந்தது. நான் புதன்கிழமையின் மனநிலையைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

இப்போது எஸ்கியூலைட்டில் உண்மையில் நடந்த விலை மட்டும் ஓர் அட்டவணையில் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. டிவிடெண்ட், பங்குப் பிரிப்பு, துணை நிறுவனத்தைப் பிரித்துப் பங்குதாரர்களிடமே கொடுப்பது போன்றவை தேதியோடு இன்னோர் அட்டவணையில். பேக்டெஸ்ட் ஓடும்போதுதான் இரண்டையும் சேர்த்து அட்ஜஸ்ட் செய்த விலையைக் கணக்கிடுகிறேன். ஒரு டிவிடெண்டைத் தவறாகப் பதிந்திருந்தால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

2019 பிப்ரவரி 27 அன்று ஊடக, இணைய நிறுவனமான நாஸ்பர்ஸிலிருந்து அதன் கட்டண டிவி நிறுவனமான மல்ட்டிசாய்ஸ் பிரிந்து பட்டியலிடப்பட்டதை இப்படித்தான் பதிந்தேன். பிரிந்த பங்கின் மதிப்புக்கு அதன் முதல் நாள் இறுதி விலையை எடுத்துக்கொண்டேன். இதில் வேறு கருத்து இருக்கலாம், ஆனால் நான் எதை எடுத்தேன் என்பதாவது எழுத்தில் இருக்கிறது.

பெயர் மாற்றமும் அப்படியே. பார்க்லேஸ் ஆப்பிரிக்கா வங்கி 2018இல் ஆப்ஸா ஆனபோது சந்தையில் அதன் சுருக்கக் குறியீடு பிஜிஏ-யிலிருந்து ஏபிஜி-க்கு மாறியது. சிஎஸ்வி ஃபோல்டரில் அது ஒருவர் இறந்து இன்னொருவர் பிறந்த கதை. இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் என் சொந்த எண், குறியீடு அதன்மேல் போர்த்திய சட்டை மட்டும். மரச்சாமான் நிறுவனமான ஸ்டைன்ஹோஃப் 2017 டிசம்பரில் கணக்கு மோசடியில் சரிந்து, 2023இல் பட்டியலிலிருந்தே போய்விட்டது. இன்றைய பட்டியலை வைத்துப் பழைய விலை இறக்குபவருக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. என் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது.

சந்தா மென்பொருளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். மேலே நான் புலம்பிய அத்தனையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வந்து சார்ட் மட்டும் பார்ப்பவருக்கு அதுவே நிம்மதி. என் மனக்குறை ஒன்றுதான்: மார்ச்சில் ஓட்டிய பேக்டெஸ்ட்டை ஜூனில் அப்படியே ஓட்டினேன், விடை வேறாக வந்தது. எந்த விலையை எப்போது திருத்தினார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சந்தாவை நிறுத்தியதும் தரவு அவர்களுடைய வடிவத்தில் பூட்டிக்கொண்டது.

எஸ்கியூலைட்டுக்கும் கூலி உண்டு. டிவிடெண்ட் அறிவிப்புகளை நான்தான் பதிய வேண்டும், ஞாயிறு காலையில் அரை மணி நேரம் போகிறது. விடுமுறை அட்டவணையும் என் பொறுப்பு. புனித வெள்ளி சுலபம், அன்று நானே மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில்தான் இருப்பேன். ரக்பி உலகக் கோப்பையை வென்றதற்காக 2023 டிசம்பர் 15ஐ அரசு விடுமுறையாக்கியதை எந்த நிரல் ஊகிக்கும்? ‘தரவு காணவில்லை’ என்று அது கத்த, நான் ஒரு மணி நேரம் தேடினேன். இன்னொன்று, அந்த ஒற்றைக் கோப்பை மேகச் சேமிப்பு ஃபோல்டரில் வைத்து நேரடியாக எழுதாதீர்கள். எழுதும் நடுவில் ஒத்திசைவு நடந்தால் கோப்பு கெடலாம். எழுதி முடித்து, மூடி, பிறகு நகலை அனுப்புங்கள்.

நிமிடத்துக்கு நிமிடம் விலை வைத்திருப்பவர்கள் பார்கே என்ற கோப்பு வடிவமும் டக்டிபி என்ற தரவுத்தளமும்தான் சரி என்கிறார்கள். பத்தி பத்தியாகச் சேமிப்பதால் பெரிய தரவைப் படிப்பதில் அவை வேகம். நான் இரண்டு வார இறுதிகள் விளையாடிப் பார்த்ததோடு சரி. என் அனுபவம் நாள் இறுதி விலைகளோடு நிற்கிறது.

டர்பனிலேயே ஃபீனிக்ஸில் இருக்கும் என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நான் பார்க்கும் பன்னிரண்டு பங்குக்கு இவ்வளவு கூத்து எதுக்கு மச்சான்?” என்றான். அவனுக்கு வேண்டாம்தான். சிஎஸ்வியிலேயே இருக்கட்டும். டிவிடெண்ட் உரிமை போகும் புதன்கிழமைகளில் மட்டும் அடியில் ஒட்டாமல், அந்தப் பங்கின் கோப்பை முழுசாக மறுபடி இறக்கச் சொல்லியிருக்கிறேன்.