எஸ்.பி. ரோட்டு கேம் ஸ்டிக்: சின்ன வயதில் முடிக்காமல் விட்டதை இதில் முடிக்கலாமா?

டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகுகிற கேம் ஸ்டிக் ஒன்றை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். ஸ்டிக், மெமரி கார்டு, இரண்டு வயர்லெஸ் ஜாய்ஸ்டிக். விலை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எத்தனை கேம் இருக்கிறது, படம் தெளிவாக வருகிறதா என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. தொண்ணூறுகளில் மர்ஃபி டவுன் வீட்டில் அண்ணனும் நானும் ஆடி ஆடி, கடைசி வரை முடிக்காமலே விட்ட கேம்கள் இருக்கின்றன. கான்ட்ரா, நிஞ்ஜா கெய்டன், பேட்டில்டோட்ஸ். அவற்றை ஒழுங்காக முடிக்க இந்த ஸ்டிக் தாங்குமா? அதை மட்டும்தான் பார்த்தேன்.

பெட்டியில் வருவதை அப்படியே வைத்து ஆடினால் தாங்காது. கூட ஒரு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் செலவழித்து, டிவியிலும் ஒரு மாற்றம் செய்தால் நன்றாகவே தாங்கும்.

பெட்டி மேல் 10,000 கேம் என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ‘9999 இன் 1’ கேசட்டை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஒரே கேம் நாலைந்து பெயரில் வருகிறது. கான்ட்ரா மட்டுமே பல இடத்தில் இருக்கிறது. அவற்றில் ஒன்று ஜப்பான் பதிப்பு. முதல் ஸ்டேஜில் பின்னால் நிற்கும் மரங்களின் இலை அசைந்தால் அதுதான் அது. ஸ்டேஜுக்கு நடுவே வரைபடமும் ஜப்பானிய எழுத்தில் கதையும் வரும். பார்க்க அதுதான் அழகு, அதையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஜாய்ஸ்டிக். இந்த ஸ்டிக்கின் பெரிய குறையே இதுதான். பெட்டியில் வருகிற வயர்லெஸ் ஜாய்ஸ்டிக்கின் திசைப் பட்டன் குழைகிறது. வலது பக்கம் அழுத்தினால் சில நேரம் கீழும் வலதும் சேர்ந்து அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. கான்ட்ராவில் அப்படி ஆனால் ஓடுகிற ஆள் நேராகச் சுடாமல் தரையைப் பார்த்துச் சாய்வாகச் சுடுவான். எதிரே வருகிற துப்பாக்கிக்காரன் தப்பித்துவிடுவான், நம் லைஃப் போகும். ஒரே அடியில் சாகிற கேமில் இது சின்ன விஷயம் இல்லை. லைஃபோடு கையில் இருக்கிற, தோட்டாக்களை விசிறியாகப் பாய்ச்சும் எஸ் துப்பாக்கியும் போய்விடும். அது இல்லாமல் ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸிடம் போய் நிற்கிற கொடுமை ஆடியவர்களுக்குத் தெரியும்.

திரும்ப எஸ்.பி. ரோட்டுக்கே போனேன். கவுன்டரில் இருந்த தம்பி ஸ்ரீராம்புரத்துக்காரர், நல்ல தமிழில் பேசினார். “அக்கா, ஸ்டிக் எல்லாம் உள்ளே ஒண்ணுதான். ஜாய்ஸ்டிக்தான் வேற வேற. அதுல மிச்சம் பிடிக்காதீங்க” என்று சொல்லி, வயர் வைத்த யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் இரண்டை எடுத்து வைத்தார். பழைய செவ்வக வடிவம், நான்கு திசைக்கும் தனித்தனியாக ‘டக்’ என்று உட்காருகிற பட்டன். ஸ்டிக்கின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகினால் போதும். சோஃபாவுக்கு எட்டவில்லை, தரையில் பாய் போட்டு டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்தது டிவி. இந்தக் கேம்கள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கின்றன. அதாவது ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 17 மில்லி நொடி. பழைய குழாய் டிவி சிக்னல் வந்த கையோடு வரைந்துவிடும். இன்றைய எல்இடி டிவி அப்படி இல்லை. படத்தை வாங்கி, நிறம் கூட்டி, விளிம்பைக் கூர்மையாக்கி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் ஐந்தாறு படம் கடந்திருக்கும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் குதிக்கிறவருக்குத் தெரியும். டிவி செட்டிங்கில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் இந்த அலங்காரமெல்லாம் நின்றுவிடும். எங்கள் டிவியில் அதைப் போட்டதும் குதிப்பது கையோடு வந்தது. இது இல்லாத டிவி என்றால் கம்ப்யூட்டர் மானிட்டரில் செருகி ஆடுங்கள்.

இத்தனை செய்த பிறகும் கான்ட்ரா நாங்கள் ஆடியதைவிட வேகமாக ஓடியது. அண்ணன் முதல் நிமிஷத்திலேயே சொன்னார், “இது நம்ம கான்ட்ரா இல்லை மா, விரட்டுறாங்க.” அவர் சொன்னது சரிதான், காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடியது, நொடிக்கு 50 முறை புதுப்பிப்பது. ஜப்பான் கேம் செட்டைப் பார்த்துச் செய்து இங்கே விற்ற நகல் செட்டுகளும் அதற்கேற்ப 50-ல் ஓடின. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. இந்தக் கேம்களில் ஆள் ஓடுவது, தோட்டா பறப்பது, பாட்டு நகர்வது எல்லாமே ஒரு படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஆகவே 60-ல் ஒரு நொடியில் நடப்பது 50-ல் நடக்க 1.2 நொடி ஆகும். நாம் வளர்ந்தது அந்த மெதுவான கான்ட்ராவில். இந்த ஸ்டிக் ஓட்டுவது வேகமான அசலை. வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று நினைத்து ஸ்டிக்கைத் தூக்கி உள்ளே வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நாளில் கை அந்த வேகத்துக்குப் பழகிக்கொள்கிறது.

கான்ட்ரா கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டாக வந்தது 1987-ல், வீட்டு கேசட்டாக 1988-ல். மொத்தம் எட்டு ஸ்டேஜ், மூன்று லைஃப். இரண்டு பேராக ஆடும்போது மூன்றாவது ஸ்டேஜான அருவிதான் எங்களை எப்போதும் பிரித்தது. திரை மேல் நோக்கி ஏறும். ஒருவர் வேகமாக ஏறினால் கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். அண்ணன் எப்போதும் முன்னால் ஓடுவார். இந்த முறை ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். நான்தான் முதலில் ஏறுவேன், நான் ‘வா’ என்று சொன்ன பிறகுதான் அவர். அருவி அதோடு சுலபமாகிவிட்டது.

முப்பது லைஃபுக்கான குறுக்கு வழியும் வேலை செய்கிறது. தலைப்புத் திரையில் மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. இருவர் என்றால் அப்புறம் செலக்ட், ஸ்டார்ட். இந்தக் குறுக்கு வழியை உருவாக்கியவர், கான்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் கேமை வீட்டு செட்டுக்கு மாற்றும் வேலையில் இருந்தவர், சோதித்துப் பார்க்கத் தனக்கே அந்தக் கேம் ரொம்பக் கடினமாக இருந்ததால் இதை உள்ளே வைத்தார். 2020-ல் காலமானார். செய்தவருக்கே தேவைப்பட்டது என்றால் நாம் பயன்படுத்துவதில் ஒரு குறையும் இல்லை. எட்டாவது ஸ்டேஜின் கடைசியில் துடிக்கிற அந்த இதயத்தை அண்ணனும் நானும் சேர்ந்து சுட்டு முடித்தோம். தீவு வெடிப்பதையும் ஹெலிகாப்டர் பறந்து போவதையும் பார்த்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

ஸ்டிக்கில் செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தினால் மெனு வரும், எந்த இடத்திலும் சேமிக்கலாம். அடிக்கு அடி சேமித்துக்கொண்டே போனால் எந்தக் கேமும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அப்படி முடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பழகுவதற்கு இதைவிட நல்ல வசதி இல்லை. நிஞ்ஜா கெய்டனில் கடைசி மூன்று பாஸில் யாரிடம் தோற்றாலும் ஆறாவது ஸ்டேஜின் தொடக்கத்துக்கே தள்ளிவிடுவான். ஏற்கெனவே வீழ்த்திய பாஸ் திரும்பி வராது என்பது ஒன்றுதான் கருணை. அந்த ஆறாவது ஸ்டேஜில் பறவை வந்து மோதும், மோதினால் ஆள் பின்னால் எகிறிப் பள்ளத்தில் விழுவான். ஓர் அடி பின்னால் வைத்தால் கொன்றவன் திரும்ப முளைப்பான். அந்தத் துண்டை மட்டும் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஆடி, எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று கையில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் முதலிலிருந்து சேமிக்காமல் ஆடுகிறேன். இன்னும் முடிக்கவில்லை, ஆனால் அந்த மூன்று பாஸில் முதல் பாஸ் வரை போக முடிகிறது.

இந்தக் கேம்கள் ஏன் இப்படி நம்மை அடித்தன என்று சின்ன வயதில் தெரியாது. சிலவற்றுக்கு வியாபாரக் காரணம் இருந்தது. 1994-ல் வந்த லயன் கிங் கேமில் இரண்டாவது ஸ்டேஜிலேயே குரங்குகள் நம்மைத் தூக்கித் தூக்கி எறியும். வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாக உருவாக்கியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அதே வருஷம் வந்த கான்ட்ரா ஹார்ட் கோர் ஜப்பானில் ஒரு லைஃபுக்கு மூன்று அடி தாங்கும், அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி. ஸ்டிக்கில் இரண்டுமே இருக்கின்றன. ஜப்பான் பதிப்பை ஆடுங்கள்.

பேட்டில்டோட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1991-ல் ரேர் நிறுவனம் செய்தது. எல்லோரும் மூன்றாவது ஸ்டேஜின் வண்டி ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சுவர் மேல் சுவராக வரும், போகப் போக வேகம் கூடும். கேம் மோடும் வயர் ஜாய்ஸ்டிக்கும் இருந்தால் அதைத் தாண்டலாம், நாங்கள் தாண்டினோம். உண்மையான சுவர் பதினொன்றாவது ஸ்டேஜில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் ஒரு நிரல் பிழை: அந்த ஸ்டேஜில் இரண்டாவது ஆட்டக்காரரின் ஜாய்ஸ்டிக் வேலையே செய்யாது. அவர் அப்படியே நின்று சாவார். என்னுடையது எப்போதும் இரண்டாவது ஜாய்ஸ்டிக். 1983-ல் ஜப்பானில் வந்த அசல் கேம் செட்டான ஃபேமிகாமிலேயே இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது, எங்கள் நகல் செட்டிலும் அப்படித்தான். தொடங்குவதும் நிறுத்துவதும் அண்ணன் கையில். இந்தக் கேமில் கடைசியில் நகர்வதும் இல்லை என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எந்த ஸ்டிக்கும் எந்த ஜாய்ஸ்டிக்கும் இதைச் சரிசெய்யாது. அண்ணன் ஒரு வழி சொன்னார்: இதை நீ தனியாக ஒற்றை ஆட்டமாக ஆடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். இப்போது அப்படித்தான் ஆடுகிறேன்.

கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் இருக்கிறது. 1985-ல் கேப்காம் வெளியிட்டது. முடித்தால் முழுக்கத் திரும்ப ஒரு முறை ஆடு என்று சொல்லும், அப்போதுதான் உண்மையான முடிவு. பொறுமை இருக்கிறவர்கள் தொடங்கலாம்.

இந்த ஸ்டிக்கில் இருக்கிற கேம்கள் எதற்கும் உரிமம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கான்ட்ரா மட்டும் போதும், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால் 2019-ல் கொனாமியே வெளியிட்ட ஆண்டுவிழாத் தொகுப்பு ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது. சேமிக்கும் வசதி அதிலும் உண்டு. என்னைக் கேட்டால் கான்ட்ராவுக்கு அதுதான் முதல் தேர்வு.

ஸ்டிக்தான் வேண்டும் என்றால் எஸ்.பி. ரோட்டுக்கு வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். வாரன்டி எதுவும் எதிர்பார்க்க வேண்டாம், கடையை விட்டு இறங்கினால் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் அங்கேயே மானிட்டரில் செருகச் சொல்லி, கான்ட்ராவைப் போட்டு, வலது பட்டனை மட்டும் அழுத்தி ஓடவிட்டுப் பாருங்கள். துப்பாக்கி நேராக நிற்க வேண்டும். ஒரு தடவை சாய்ந்தாலும் வேறு ஜாய்ஸ்டிக் கேளுங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் அதே மாதிரி பாருங்கள்.